அத்தைக்கு என்ன பிடிக்கும்

1993 மே 13, வியாழக்கிழமை. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோப்பு வீட்டில் அன்றும் வழக்கப்படிதான் விடிந்தது. அத்தை காபி போட்டாள். முதல் டம்ளர் அப்பாவுக்கு, அடுத்தது எனக்கு, பிறகு பால் கறக்க வந்தவருக்கு. மற்ற பாத்திரமெல்லாம் கழுவியான பின், காபிப் பாத்திரத்தின் அடியில் ஆறிக் கிடந்ததை நின்றபடியே குடித்தாள்.

அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள் அப்பாவின் தங்கையான இந்த அத்தைதான். சில மாதங்களாக அவளுக்குத் தூக்கமில்லை. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரையே பார்ப்பாள். கோயம்புத்தூரில் மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள் சிலர். கிணத்துக்கடவு மடத்துச் சாமியிடம் கூட்டிப் போகச் சொன்னார்கள் சிலர். அப்பா யார் மனதையும் நோகடிக்காதவர்.

"ரெண்டும் ஒரே ரோட்டுலதான அம்மணி இருக்குது? ஒரே நாள்ல பார்த்துப்போட்டு வந்துரலாம்" என்றார் அத்தையிடம்.

அன்று கோயம்புத்தூரில் டாக்டரம்மா நிறையக் கேட்டார். கடைசியில், "உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?" என்றார்.

"அண்ணனுக்குக் களி புடிக்குமுங்க. இவளுக்குத் தயிர் சோறு."

"அவங்களுக்கு இல்லைங்க. உங்களுக்கு?"

அத்தை என்னைப் பார்த்தாள். என்னைத்தான் சொல்லப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளோ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். தினமும் தனக்கென்று ஏதாவது ஒன்று செய்துகொள்ளவும் சொன்னார்.

திரும்பும் வழியில் மடத்தில் இறங்கினோம். சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான்ங்கிற நெனப்புதான் நோவுக்கெல்லாம் வேரு. அதை விட்டுருங்க" என்றார்.

அத்தை வெகுநேரம் யோசித்தாள். "எதைங்க சாமி உடறது? காத்தால டாக்டரம்மா கேட்டப்பத் தேடிப் பார்த்தனுங்க. உள்ளே ஒண்ணுமே இல்லீங்களே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாமி அத்தை பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அப்படீன்னா அந்தம்மா சொன்னதை மொதல்ல செய்யுங்க அம்மணி. விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

பஸ்ஸில் அத்தையின் கையைச் சுரண்டினேன். "என்னையப் புடிக்காதா அத்தை?"

"நீதான் என்ற உசுரு கண்ணு. அவங்க கேட்டது வேற."

உயிரைவிட வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை போய்ப் பல வருடங்களாகின்றன. பிடித்த நிறம், போக நினைத்த ஊர், ஒன்றும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது தினமும் காலையில், அடுப்படியில் நின்றுகொண்டு, அவளிடம் கேட்க ஆசையாக இருக்கிறது. அவளுக்குப் பிடித்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்ட அன்று, அத்தைக்கு என்மேல் கோபம் என்று நினைத்துப் போர்வைக்குள் அழுதேன்.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் காலை அத்தை முதல் வேலையாகக் காபி போட்டாள். யாரையும் எழுப்பவில்லை. முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஆவி பறக்கப் பறக்க, தானே குடித்தாள்.