அப்பாவின் திராட்சைக் கூடைகள்

என் சின்ன வயதில் ஒரு நாள் காலை ஆறு பத்துக்கு அப்பா முதல் குலையை வெட்டினார். வெட்டிய பழம் காத்திருக்காது என்பது ஜெர்மனியில் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த அவருக்குத் தெரியும்.

நேற்று என் மகளின் சாப்பாட்டு டப்பாவில் மறந்துபோன நாலு திராட்சை புளித்த வாடை அடித்தது. பள்ளி வேன் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் இன்றும் நான் சாலைக்கே போய் நின்றுவிடுகிறேன்.

இப்போது கரும்பு நிற்கும் எங்கள் மலையடி நிலத்தில், அன்று கல்தூண்கள்மேல் கம்பி இழுத்த பந்தலுக்குக் கீழே பகலிலும் பச்சை இருட்டு இருக்கும். கத்தரிச் சத்தத்துக்கும் கூடையில் வைக்கோல் பரப்பும் சரசரப்புக்கும் நடுவே அப்பாவின் தமிழ் கேட்டால், "தொர பேசறது திராட்சைக்காவது புரியுதாடி?" என்று பழம் வெட்டும் பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவை மணந்து, இந்தியக் குடிமகனாகி, ஊராட்சித் தலைவராகவும் ஜெயித்தவர் அவர். இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் என்று தெரிந்தும், "நம்ம ஊர் என் லாரிய மறிக்காது" என்று அறுவடையைத் தொடங்கிவிட்டார்.

கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்கள் விழுந்து கிடந்ததால் லாரி திரும்பி வந்தது. மூன்று நாளில் கூடைகளின் அடியில் சாறு கசிந்து, ஈ மொய்த்து, அந்த வாடை எங்கள் தலையணைவரை வந்தது.

நான்காம் நாள் காலை, எங்கள் பந்தலைக் கட்டிய முனுசாமி கூழ்ச்சட்டியோடு வந்தார். அப்பா கூடைகளைக் காட்டினார்.

"மரத்த நாந்தாங்க வெட்னேன். எம் புள்ள படிச்சிட்டு வேல கெடைக்காம வூட்ல குந்திக்கினு கீறான். ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன், இன்னமும் போடுவேன். ரோட்ட மட்டும் தொறக்கச் சொல்லிக் கேக்காதீங்க."