ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்

'வெந்நீர்க்காரி' என்ற பேரை மூத்த மருமகள் முதன்முதலாகக் கேட்டது, சின்ன மருமகள் அந்த வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலையில். வைத்தவர் மாமியார்.

"உன் ஓரகத்தி தண்ணியைச் சமைக்கிறா, போய்ப் பாரு. உப்பு புளி எவ்வளவு போடணும்னு கேட்டுச் சொல்லு."

மூத்தவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீர்தான். கரையில் மோட்டார் இரைந்தால் மாடித் தொட்டி நிறையும். நடுவில் வடிகட்ட ஒன்றும் கிடையாது. நாலு தெருச் சாக்கடை அதே ஆற்றில் விழுவது ஊரறிந்த விஷயம். "என் பிள்ளைங்க அத்தனை பேரும் குடிச்சு வளர்ந்த தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்கு என்ன குறை?" என்பார் மாமனார்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் சீசா கழுவியவள். கண்ணாடி மாதிரி வந்த தண்ணீர்கூட, சாக்கடைக் கிருமி இருந்தால், மருந்துத் தாள் போட்ட சீசாவுக்குள் இரண்டு நாளில் கரியாகக் கறுத்துக் கிடக்கும். அதைத் தேய்த்துக் கழுவிய கை அவளுடையது. யார் சிரித்தால் என்ன, தினமும் விடிந்ததும் ஒரு பானைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடிவிட்டுத்தான் தையல் வேலைக்குப் போவாள்.

அவள் மகளுக்கு ஒன்றரை வயது. ஒரே மழைக்காலத்தில் மூன்றாவது தடவையாக வயிற்றால் போய், கண் உள்ளே விழுந்து, அழுதால் கண்ணீர்கூட வரவில்லை.

"ஆத்துத் தண்ணியா குடுத்தீங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"காய்ச்சினதுதான் குடுக்குறேன்."

"பின்ன எப்படிம்மா?"

பதில் மாமியாரிடம் இருந்தது. "வெந்நீரா ஊத்தி ஊத்திப் பிள்ளை வயித்தை வேக வச்சுட்டா."

குழந்தை பிழைத்து வீடு வந்த மறுநாள் சின்னவள் வேலைக்குப் போகவில்லை. அதனால்தான் கண்ணில் பட்டது. மாமியார் பானையைத் திறந்தார்; குழாயில் ஒரு சொம்பு பிடித்து, ஆவி பறக்கும் தண்ணீரில் ஊற்றினார்.

"என்ன அத்தை செய்றீங்க?"

"விளாவுறேன். குளிக்கிற தண்ணியையே விளாவுறோம், குடிக்கிறதுக்கு வேண்டாமா? பிள்ளைக்கு வாய் வெந்துடாது?"

"எத்தனை நாளா?"

"தினமுந்தான். உங்க அக்காவும் ஊத்துவாளே."

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் பழைய சோதனைக் கூடத்தில் கேட்டு, மருந்துத் தாள் போட்ட இரண்டு சீசா வாங்கி வந்தாள். ஒன்றில் காய்ச்சிய தண்ணீர், இன்னொன்றில் விளாவிய தண்ணீர். மூன்றாம் நாள் பார்த்தால், காய்ச்சிய தண்ணீர் வைத்தபடியே தெளிவாக இருந்தது. விளாவிய தண்ணீர் மை போல ஆகிவிட்டது.

"இதைத்தான் அத்தை என் பிள்ளை குடிச்சா."

"உன் சீசாவுல அழுக்கு," என்றார் மாமியார். மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். புருஷன், "அம்மா தெரியாமத்தானே செஞ்சாங்க, விட்டுத்தள்ளு" என்றான்.

தெரியாமல்தான் செய்தார், அன்றுவரை. மறுநாள் காலையில், கறுத்த சீசா அலமாரியில் இருக்கும்போதே, சொம்பு மறுபடியும் பானைக்குள் சாய்ந்தது.

"ஒரு சொம்புல என்ன ஆயிடப் போகுது?"

"அந்த ஒரு சொம்புலதான் என் பிள்ளைக்குக் கண்ணீர் வத்திச்சு." சின்னவள் பானையைத் தூக்கி வாசலில் கவிழ்த்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். புருஷன் வாசல்வரை வந்தான், அதற்குமேல் வரவில்லை.

மூத்தவள் அதற்குப் பிறகு சொம்பைத் தொட்டதில்லை. அந்தப் புத்தி, குழந்தை மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

வெந்நீர்க்காரி இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் மகளோடு இருக்கிறாள். பழைய கூடத்திலேயே சீசா கழுவுகிறாள்.