மூதூர் லாஞ்சுக்குப் புதுப் பெயர்

திருகோணமலைத் துறையில் குடாவைக் கடந்து ஆளேற்றிப் போகும் மோட்டார் படகான மூதூர் லாஞ்ச் புறப்படக் காத்திருக்கிறது. கோழிக்கூடைகளுக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். வானொலியின் இரவு நிகழ்ச்சிக்குத் திகில் கதை தேடுவது என் உத்தியோகம். கொழும்பில் போர்வைக்குள் சுகமாக நடுங்க விரும்பும் நேயர்களுக்கு, சில வருடங்களுக்கு முன் இந்தக் குடாவில் மூழ்கிய லாஞ்சின் ஆவிகள் வேண்டுமாம்.

சுக்கான் பிடிக்கும் மூதூர்க்காரரை எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்கிறார்கள்; அவரிடம் கேட்கிறேன். "குடாவுக்குள்ள இப்பவும் அழுகுரல் கேக்குதாமே, நானா?"

"மூழ்கின அண்டைக்குக் கேட்டது தம்பி. அளவுக்கு மிஞ்சி ஆக்களை ஏத்திப்போட்டாங்கள். இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை."

"விசாரணை வைச்சவை எல்லோ? பிறகு என்னத்தை மாத்தினவை?"

"பேரை மாத்தினவை. பழைய பேரில ஏறச் சனத்துக்குப் பயம். மூழ்கினதை இழுத்தெடுத்து, பெயின்ற் அடிச்சு, புதுப் பேர் எழுதின உடன எல்லாரும் ஏறிட்டினம்."

ஆவிகளும் பெயர் வாசித்துவிட்டுத்தான் ஏறும் போலும் என்று குறித்துக்கொள்கிறேன்.

"அந்த லாஞ்ச் இப்ப எங்க ஓடுது?"

"நீங்கள் சாய்ஞ்சிருக்கிற பலகையில பெயின்ற் கழண்டு பழைய பேர் தெரியுது. வாசிச்சுப் பாருங்கோ."

நான் திரும்பி வாசித்து முடிப்பதற்குள், நானா கரையைப் பார்த்துக் கத்துகிறார்: "மூதூர், மூதூர்! இன்னும் இடம் கிடக்கு, ஏறுங்கோ!"