விசைகளை மூடிய அட்டை

பாக்கியலட்சுமி அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ராபின்சன் சாலையில் ஒரு கப்பல் நிறுவனத்தில், தந்தி மாதிரி செய்தியைத் தட்டி வெளியூருக்கு அனுப்பும் டெலக்ஸ் இயந்திர வேலை அவருடையது. பக்கத்து மேசை என்னுடையது. விசைகளைப் பார்க்காமலே அடிப்பார். அடிக்கிற ஒவ்வோர் எழுத்தும் காகித நாடாவில் துளையாக விழும். விழுந்த துளையை மூட முடியாது. அதனால் நிச்சயமில்லாமல் அவர் விரல் கீழே இறங்காது. தவறான துறைமுகத்தின் பெயர் போய்விட்டது என்று அவர்மீது ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

1984இல் அலுவலகத்துக்கு ஒரு கணினி வந்தது. மதிய உணவு நேரத்தில் கணக்குப் பிரிவு ஆண்கள் அதில் விமானம் சுடும் விளையாட்டை ஓடவிட்டார்கள். பச்சைத் திரையில் சின்னதாக ஒரு கூட்டல் குறி. அதைப் பறக்கும் விமானத்தின்மேல் நிறுத்திச் சுட வேண்டும். ஐம்பது குண்டுகள்தான். அவர்கள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உடம்பையே சாய்த்துச் சாய்த்து ஆடினார்கள்.

அக்காவும் ஒரு மாதம் ஜாய்ஸ்டிக்கோடு மல்லுக்கட்டினார். பிறகு அதை ஒதுக்கிவிட்டு விசைப்பலகைக்கு வந்தார். ஜாய்ஸ்டிக்கை இழுத்தால் குறி விமானத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது, திருப்புவதற்குள் விமானம் ஓடிவிடுகிறது என்றார். விசையை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு படி, மூன்று தட்டினால் மூன்று படி. தூரத்தில் வரும் விமானத்தை எட்டிப்பிடிக்க விசைக்கு வேகம் போதாது என்பதையும் அவரே சொன்னார். அப்படிப்பட்டதை விட்டுவிடுவார். குண்டு மிச்சம்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. டெலக்ஸில் வரி முடிந்ததும் வலது சுண்டுவிரல் தானாக ரிட்டர்ன் விசைக்குப் போகும். இந்த விளையாட்டில் சுடுவதற்கென்று வேறு விசை இருந்தாலும், ரிட்டர்னை அமுக்கினாலும் குண்டு பாயும். விமானம் விழுந்ததும் ஏதோ ஒரு வரி முடிந்த மாதிரி சுண்டுவிரல் அமுக்கிவிடும். வெறும் வானத்தில் ஒரு குண்டு வீணாகும்.

அந்த டிசம்பரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் இதே விளையாட்டுக்குப் போட்டி வைத்தார்கள். அக்கா பெயர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கூடப் போனேன். மேசையில் கணினி இருந்தது. அதன் விசைகளின்மேல் அட்டையை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார்கள். முன்னால் ஜாய்ஸ்டிக் மட்டும்.

போட்டியை நடத்தியவர் அப்துல் முத்தலிப், மன்றத்தின் கணினிக் குழுத் தலைவர். பிள்ளைகள் கண்டதை அமுக்கி ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் அட்டை என்று பொறுமையாகவே விளக்கினார். அதை எடுக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்றார் அவர்.

அதுவரை முதலிடத்தில் இருந்தவர் சேதுபதி. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் இருந்த இளைஞர், குறி பார்த்துச் சுடுவதில் ராணுவத்தில் பேட்ஜ் வாங்கியவர். ஐம்பதுக்கு முப்பத்தெட்டு விமானம் வீழ்த்தியிருந்தார். சுவரில் இருந்த கரும்பலகையில் அவர் பெயர்தான் உச்சியில்.

"அக்கா, இது டைப்பிங் பரீட்சை இல்லலா," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தெரியும் தம்பி. டைப்பிங்னா நீங்க இங்க நிக்கவே மாட்டீங்க," என்றார் அக்கா.

சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா முத்தலிப்பிடம் ஒரு வழி சொன்னார். தன் ஆட்டத்தைப் போட்டியில் சேர்க்க வேண்டாம். ஆனால் அட்டையை எடுத்தால்தான் உட்காருவார். வரிசை நீண்டுகொண்டிருந்தது. முத்தலிப் தலையசைத்தார். அக்காவே டேப்பை உரித்து, அட்டையை என் கையில் கொடுத்தார்.

முதல் விமானம் விழுந்தது. உடனே வெறும் வானத்தில் ஒரு குண்டு. மூன்றாவது விழுந்ததும் இன்னொன்று. பத்து விமானங்கள் போவதற்குள் நாலு குண்டுகள் வீண். "காக்கா சுடுறாங்க," என்று யாரோ சொன்னார்கள். அக்கா ரிட்டர்ன் விசையையே வெறித்துப் பார்த்தார். அவர் விசைகளைப் பார்த்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். பத்து பத்தாகத்தான் விமானங்கள் வரும், நடுவில் திரை கொஞ்சம் காலியாக இருக்கும். அந்த இடைவெளியில், நாடாச் சுருளுக்குப் போடுவதற்காக எப்போதும் மணிக்கட்டில் வைத்திருக்கும் ரப்பர் பேண்டை உருவி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துக் கட்டினார்.

அதன்பிறகு வானத்தில் வீண் குண்டு இல்லை. தூரத்து விமானங்களை அலட்டிக்கொள்ளாமல் போகவிட்டார். கிட்டே வந்ததை இரண்டு தட்டு, மூன்று தட்டு, ஒரு குண்டு என்று இறக்கினார். பேச்சு குறைந்தது. சேதுபதி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குண்டு தீர்ந்தபோது திரையில் நாற்பத்தொன்று என்றிருந்தது.

முத்தலிப் தொண்டையைச் செருமினார். ஏற்கெனவே பேசியபடிதானே என்றார்.

"பேசினது பேசினதுதான். கோப்பை தம்பிக்கே. ஆனா விழுந்தத போர்டுல எழுதுங்க."

சேர்க்காத ஆட்டத்தை எப்படி எழுதுவது என்று அவர் தயங்கினார். அக்கா சாக்பீஸை எடுத்தார். சேதுபதியின் பெயருக்கு மேலே இடமில்லை. பக்கத்தில் ஒரு கோடு போட்டு, தன் முழுப் பெயரையும் நாற்பத்தொன்று என்ற எண்ணையும் எழுதி, அதன்கீழ் 'கீபோர்டு' என்றும் எழுதினார். யாரும் தடுக்கவில்லை. அந்த நாலு குண்டும் வீணாகாமல் இருந்தால் நாற்பத்தைந்துகூட வந்திருக்கும் என்று சேதுபதி மெல்லச் சொன்னார். தெரியும் என்றார் அக்கா.

அடுத்த ஆட்டக்காரரைக் கூப்பிடும்முன் முத்தலிப் என்னிடம் அட்டையைக் கேட்டார். நான் கொடுக்கக் கையை நீட்டினேன். அக்கா நடுவில் அதை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வர்றவங்க எது வேணும்னு சொல்லட்டும். அப்புறம் தரேன்லா."

அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கையும் விசைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.