திருஷ்டி பட்ட கம்ப்யூட்டர்

என் புதுக் கம்ப்யூட்டருக்கு மாடி ரூம் பெருமாளின் கண் பட்டுவிட்டது என்று மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள், ஒரகடம் கம்பெனியில் நான் சூப்பர்வைசர்.

பெருமாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து என் மாடியில் வாடகைக்கு இருப்பவன். நான் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று எட்டிப் பார்த்து, "அருமையா இருக்கு அண்ணாச்சி" என்றான். அவன் போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று திருஷ்டிப் பிள்ளையார் படத்தை அதன் பக்கவாட்டில் ஒட்டினேன். மறுநாளிலிருந்து கார் ரேஸ் ஆடினால் பாதியில் திரை இருண்டு, கம்ப்யூட்டர் தானாக மறுபடி ஆரம்பித்தது. பூசணிக்காய்கூட உடைத்தேன். கடைசியில் அவனிடம், "ரூமைக் காலி பண்ணுப்பா" என்று சொல்லியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு இறங்கி வந்தான். "நான் என்ன அண்ணாச்சி தப்பு பண்ணுனேன்?"

அந்த நேரம் பார்த்து, ரேஸில் முதலாவதாகப் போன என் கார் மறைந்தது. "பாரு, நீ வந்தே, பூட்ச்சு!" என்று அலறினேன்.

ஓடி வந்த என் மனைவி கம்ப்யூட்டர் மேல் கை வைத்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "யோவ், இன்னாய்யா இது, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது?"

படத்தைப் பிய்த்தாள். அடியில் வரிசையாக ஓட்டைகள். அனல் காற்று என் முகத்தில் அடித்தது. பெருமாளின் பெட்டியை வாங்கி நானே மாடிக்குத் தூக்கிப் போனேன்.

சூடு வெளியேறும் வழியை அடைத்திருந்தது நான் ஒட்டிய படம்.