நீச்சல் குளத்தில் தேங்காய் எண்ணெய்

புக்கிட் ரம்பாயில் எங்கள் அடுக்குமாடி நீச்சல் குளத்தில் இறங்கினால் கொஞ்ச நாளாக உடம்பெல்லாம் அரிப்பு. குளம் என் பொறுப்பு. வசவும் எனக்குத்தான்.

குளோரின் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்தேன். அரிப்பு இன்னும் கூடியது.

இன்று பில்டரைத் திறந்தால் உள்ளே ஒரே பிசுக்கு. தேங்காய் எண்ணெய் வாசம்.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் மாடி செல்வி அக்கா கரையில் உட்கார்ந்து, மகளுக்கு உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"தண்ணி அரிக்குது லா தம்பி. எண்ணெய் தேச்சா தோல்ல ஒட்டாது."

"அந்த எண்ணெய்தான்க்கா குளோரினைத் தின்னுடுது. அதனாலதான் தண்ணி கெட்டுப்போய் அரிக்குது."

அக்கா யோசித்தார்.

"சரி, நீ மொதல்ல தண்ணிய சரி பண்ணு. அப்புறம் நான் நிறுத்துறேன்."

"நீங்க நிறுத்துனாத்தான்க்கா சரியாகும்!"

"அதுவரைக்கும் புள்ள சொறியணுமா?"

குளத்தில் இறங்கிச் சுத்தம் செய்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளும் எண்ணெயில் பளபளத்தபடி என்னைத் தாண்டிக் குதித்தார்கள்.

கரையேறும்போது எனக்கே கை அரித்தது. அக்கா எண்ணெய்ப் போத்தலை நீட்டினார்.

தண்ணீரிலிருந்து எண்ணெயை எடுக்க வழி தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்குப் பதில் எழுதுங்கள். போத்தலை வாங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.