அண்டராசனின் வசனம்

எங்கள் தெருவிலேயே இங்கிலீஷ் புத்தகம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் சித்தப்பாதான் என்று அப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன். அவர் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கோட்டை விட்டு, மறுபடி எழுதி, மறுபடியும் கோட்டை விட்டவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய் வருவார். வரும்போது, ஜங்ஷனுக்கு வெளியே பழைய புத்தகம் விற்பவரிடம் அட்டை கிழிந்த காமிக்ஸ் ஒன்று வாங்கி வருவார். மாடிப்படியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தமிழில் சொல்லுவார்.

அந்தக் கதைகளில் பறக்கிற, சுவரை உடைக்கிற நல்லவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். அவர்கள் ஒருவர்மீதும் எனக்கு மனசு போகவில்லை. எனக்குப் பிடித்தவன் வில்லன்தான். நான்கு கை, ஊதிப்போன முகம், உள்ளங்கையில் ஒரு கிரகத்தை எலுமிச்சம்பழம் மாதிரி வைத்துக்கொண்டு நிற்பான். சித்தப்பா அவனுக்கு அண்டராசன் என்று பெயர் வைத்திருந்தார். நல்லவர்களுக்குக் கடனே என்று வாசிக்கிற சித்தப்பா, அண்டராசன் வாயைத் திறந்தால் போதும், எழுந்து நின்றுவிடுவார். கழுத்து நரம்பு புடைக்கும். அவ்வளவு ஒல்லியான உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே இருந்ததோ!

சித்தப்பாவுக்கு வேலை பெரியப்பாவின் மல்லாட்டை மண்டியில்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். வேலை என்றால் வேலைதான். சம்பளம் என்று ஒன்று கிடையாது. பெரியப்பா வீட்டுக்கு மூத்தவர். எங்கள் தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால், அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்து ஆளாக்குவதிலேயே அவருக்குக் கல்யாண வயது கடந்துவிட்டது. வீட்டில் அவர் குரலை நாங்கள் கேட்பதே அபூர்வம். வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், படுத்துவிடுவார். ரொம்ப சாதுவான மனிதர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மண்டிப் பக்கம் பெண்பிள்ளைகள் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

விழுப்புரத்தில் சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞாயிறு தோறும் அங்கே போய்த்தான் சித்தப்பா வேலை பழகிக்கொண்டிருந்தார். கூடவே வந்து கூட்டுச் சேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார் அந்த சிநேகிதர். பெரியப்பா சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க தைரியம் வராமல் ஆடி போய், தீபாவளி போய், பொங்கலும் வந்துவிட்டது. காணும் பொங்கல் அன்று கேட்டே விடுவது என்று முடிவாயிற்று. காலையில் எனக்குத் தலை பின்னும்போது அம்மா காதோடு சொன்னாள்.

"இன்னிக்கி உங்க சித்தப்பா கேக்கப் போறாரு. பெரியப்பா மனசு குளுந்து இருக்கணும். எல்லாரும் வந்து உக்காந்ததும் நீ எதனா ஒண்ணு நல்லா பாடு, இன்னா?"

காணும் பொங்கலுக்கு மண்டி ஆட்கள் எல்லோரும் பெரியப்பாவைப் பார்க்க வருவது வழக்கம். எடை போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர்கள், சாக்கு தைக்கிற அம்மா எல்லோரும் கூடத்தில் கரும்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பாட்டு வராது. பாடி மனசு குளிர வைக்கிற தொண்டையும் இல்லை. எனக்குத் தெரிந்ததிலேயே உசத்தியானது எதுவோ அதைச் செய்வது என்று தீர்மானித்தேன். நடுக் கூடத்தில் போய் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அற்பப் பதரே! நான் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு என் எதிரிலேயே நிமிர்ந்து நிற்கிறாயா? உன் உடம்பில் இருக்கும் சட்டை யாருடையது? நீ விடும் மூச்சு யாருடையது? என் பெயரைச் சொல்லாமல் இந்த அண்டத்தில் உனக்கு ஒரு டீ கிடைக்குமா?"

மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் குபீரென்று சிரித்தார். உடனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் சிரிப்பை அடக்கப் போய் கரும்புச் சக்கை புரையேறிவிட்டது. கதவோரம் நின்ற சித்தப்பா இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் குரலை ஏற்றினேன்.

"போ! என் வாசலைத் தாண்டிப் போய்ப் பார்! மூன்றாம் நாள் நாய் மாதிரி வந்து நிற்பாய்!"

யாரும் கை தட்டவில்லை. சாக்கு தைக்கிற அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இத ஆரும்மா எழுதுனது?"

"வெள்ளக்காரன் பெரியப்பா. புக்குல கீறது அப்பிடியே. சித்தப்பா தமிழ்ல சொல்லுவாரு. அவரு இங்கிலீஷ்ல புலி."

"கடசில அவன் இன்னா ஆவான்?"

"ஒண்ணும் ஆவ மாட்டான். அவன ஆராலயும் ஜெயிக்க முடியாது. எல்லாரும் ஒவ்வொருத்தரா அவன உட்டுட்டுப் பூடுவாங்க. அவ்ளோ பெரிய வானத்துல தனியா குந்திக்கினு இருப்பான்."

பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு கன்றிப்போனது. சித்தப்பா அன்று எதையும் கேட்கவில்லை, சாப்பிடவும் இல்லை. எல்லாம் போச்சு என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வசனத்தில் எந்த இடத்தில் தப்பு விட்டேன் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்; தப்பே இல்லை.

மறுநாள் காலை பெரியப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டார்.

"விழுப்புரத்துக்கு பஸ்ஸு எப்ப?"

"ஏழரைக்கு ஒண்ணு இருக்குதுங்கண்ணா," என்றார் சித்தப்பா.

"சாப்ட்டுட்டுப் போ. துணிமணி எடுத்துக்கினு போ."

அண்டராசனின் வசனத்தைக் கேட்டுப் பெரியப்பாவே பயந்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். அந்த வசனத்தில் ஒரு வரிகூட இங்கிலீஷில் இருந்து வந்ததில்லை என்பதை, நான் கல்லூரிக்குப் போகிற வயதில் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மண்டியில் ஆட்கள் எதிரில் நாள் தவறாமல் சித்தப்பா வாங்கிய வசவைத்தான், கொஞ்சம் செந்தமிழாக்கி அந்த நாலு கைக்காரன் வாயில் போட்டிருக்கிறார். வேறு எங்கே போய்ச் சொல்லுவார் பாவம்.

சித்தப்பா போன பிறகு மாடிப்படியில் நான் மட்டும் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம், மண்டியிலிருந்து வந்த பெரியப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் எனக்குக் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. புத்தகத்தை வாங்கி, அண்டராசனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அவன உட்டுட்டுப் போனாங்களே, அவங்க எப்பனா திரும்பி வந்து பாப்பாங்களாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதருக்குக் கதை கேட்கத் தெரியவில்லையே!

"அவன் வில்லன் பெரியப்பா," என்றேன். "அவன ஆரு வந்து பாப்பாங்க?"